அப்பாவின் டெமோ பீஸ்

நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அண்ணன் வந்து நின்றார். கழுத்தில் டை, தோளில் பெரிய பை, முகமெல்லாம் வேர்வை. தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்க வந்திருந்தார். "பத்தே நிமிஷம் மேடம், டெமோ ஃப்ரீ" என்று ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் என்னை முதன்முதலாக மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான். இருந்தாலும் "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்து வந்துவிட்டார். "உள்ள வாங்க தம்பி. மொதல்ல தண்ணி குடிங்க." அப்புறம் நாற்பது நிமிஷம் முழு டெமோவையும் உட்கார்ந்து பார்த்தார். நடுநடுவே கேள்வி கேட்டார். தலையை ஆட்டினார். கடைசியில் வாங்கவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் யார் புது வீடு கட்டிக் குடி வந்திருக்கிறார்கள் என்று வழி சொல்லி அனுப்பினார். அந்த அண்ணன் போனதும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வாங்காத சாமானுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்தக் கட்டுரை பழைய வேக்குவம் கிளீனர்களைப் பற்றியது. ஆனால் அந்த சனிக்கிழமையைச் சொல்லாமல் இதைத் தொடங்க முடியவில்லை.

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு, அதாவது கோபிக்குப் போயிருந்தேன். வெள்ளையடிக்கிறதுக்காகப் பரணைக் காலி பண்ணச் சொன்னார் அம்மா. பித்தளை அண்டா, உடைஞ்ச டேபிள் ஃபேன், என் நடைவண்டி எல்லாத்துக்கும் பின்னால் சாக்கில் சுற்றி ஒரு கனமான சாமான். பிரித்தால், தகர உடம்பு, பிளாஸ்டிக் மூடி, நாலு சின்னச் சக்கரம், பாம்பு மாதிரி ஒரு ஹோஸ். வேக்குவம் கிளீனர்! பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துவிட்டது. அடியில் இருந்த தகட்டில் 230 வோல்ட், 800 வாட் என்பது மட்டும் தெரிந்தது.

"இது ஏதுங்க அப்பா?"

"அது பழசு கண்ணு. ஓடாது. காயலான் கடைக்குப் போட்டுரு."

அம்மாதான் மெதுவாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால், 1996-லிருந்து ரெண்டு வருஷம், அப்பா கோயம்புத்தூரில் வீடு வீடாகப் போய் வேக்குவம் கிளீனர் விற்றாராம். வேலையை விட்டு வரும்போது தன்னுடைய டெமோ பீஸைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாராம். "நான் கல்யாணமாகி வந்தப்பவே அது பரண்ல இருந்துச்சு. ஒரு நாள் கூடப் போட்டுக் காட்டல." எனக்குத் தெரிந்த அப்பா மளிகைக்கடைக்காரர். அதற்கு முன்னால் அவர் எதுவுமாக இருந்ததாக நான் யோசித்ததே இல்லை.

காயலான் கடைக்குப் போடவில்லை. லீவு முடிந்ததும் அதே சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் ட்ரிபிள் இ, மூன்றாம் வருஷம். கழற்றிப் பார்க்கிற ஆசைதான் அப்போது முக்கியக் காரணம். பெரிய பாசம் எல்லாம் இல்லை.

நம்ம சிலபஸில் யுனிவர்சல் மோட்டார் என்பது ரெண்டு மார்க் கேள்வி. "ஏசி, டிசி இரண்டிலும் ஓடும், சீரிஸ் வைண்டிங்" என்று எழுதினால் மார்க் வந்துவிடும். வேக்குவம் கிளீனருக்குள் இருப்பது அதுதான். வீட்டு மிக்ஸிக்குள் இருப்பதும் அதுதான். சாதாரண இன்டக்ஷன் மோட்டாரை நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எப்படிப் போட்டாலும் நிமிஷத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. வேக்குவம் கிளீனர் மோட்டாரோ 20,000-க்கு மேல் சுற்றும். சின்ன ஃபேனை அந்த வேகத்தில் சுற்றினால்தான் காற்றை இழுக்க முடியும். அந்த வேகத்துக்குக் கொடுக்கிற விலை கார்பன் பிரஷ். சுற்றுகிற கம்யூட்டேட்டர் மேல் உரசிக்கொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கறுப்புப் பொடி மோட்டார் முழுக்கப் படியும்.

எங்கள் லேப் அசிஸ்டன்ட் அண்ணா அனுமதியோடு முதலில் மெக்கர் வைத்துப் பார்த்தேன். வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே 0.4 மெகா ஓம். அப்படியே பிளக்கில் சொருகியிருந்தால் தகர உடம்பைத் தொட்டவருக்கு ஷாக் அடித்திருக்கலாம். கார்பன் பொடியும் பரண் ஈரமும் சேர்ந்த வேலை. பிரஷ் வைத்துத் தட்டி, ஊதி, துணியால் துடைத்து, ஒரு அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பைப் போட்டு அதன் பக்கத்தில் மோட்டாரை ஒரு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் 20 மெகா ஓம் தாண்டிவிட்டது. எனக்கு அரியர் கிளியர் ஆன சந்தோஷம்.

அந்த சந்தோஷத்தில்தான் தப்புப் பண்ணினேன். கம்யூட்டேட்டர் கறுத்துக் கிடந்தது. பக்கத்து ரூமில் எமரி ஷீட் இருந்தது. வாங்கி நல்லா பளபளவென்று தேய்த்துவிட்டேன். ஆன் செய்ததும் பிரஷ் பக்கம் நீல நெருப்பு வளையம்! அப்படியே ஆஃப் செய்துவிட்டு ஓடினேன்.

கணபதி பக்கம் ஒரு சின்ன வைண்டிங் கடை இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மோட்டாரும் பம்பும் இந்த ஊரின் தொழில், தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை உண்டு. அந்தக் கடை அண்ணன் ஆர்மேச்சரைக் கையில் வாங்கி ஒரு தரம் உருட்டிப் பார்த்தார்.

"ஏம்மிணி, எமரியா போட்டே?"

"ஆமாங்கண்ணா."

"எமரித்தூளு கரண்டைக் கடத்தும். செம்புக்கு நடுவுல போய் உக்காந்திருக்கும் பாரு. மணல் தாள்தான் போடோணும், அதுவும் நைஸ் தாள். காலேஜுல சொல்லித் தரலியா?"

சொல்லித் தரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கவனிக்காமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அவர் சொன்னபடி மல்டிமீட்டரில் கம்யூட்டேட்டரின் அடுத்தடுத்த செம்புத் துண்டுகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் ஆர்மேச்சர் நல்லது. நடுவில் ஏதாவது ஒன்று அதிகம் என்றால் காயில் அறுந்திருக்கிறது, குறைவு என்றால் ஷார்ட். ஒரே ஒரு ஜோடி மட்டும் குறைவாகக் காட்டியது. "ஆர்மேச்சர் போச்சு, தூக்கிப் போடு" என்பாரோ என்று பயந்தேன். அவர் உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றைக் கல்லில் தேய்த்துக் கூர்மையாக்கிக் கொடுத்தார். அதை வைத்து இரண்டு செம்புக்கும் நடுவில் இருக்கிற மைக்கா பள்ளத்தை ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். ஒன்றரை மணி நேரம். குறைவாகக் காட்டிய ஜோடியும் சரியாகிவிட்டது. காயிலில் கோளாறே இல்லை. நடுவில் அழுக்கு, அவ்வளவுதான். அதில் பாதி அழுக்கை நானே போட்டிருந்தேன்.

கார்பன் பிரஷ் அதே சைஸில் கிடைக்கவில்லை. பழைய மாடல்களை எடுத்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்கிற சுவர் இதுதான். மிக்ஸி கார்பன் வாங்கி, மணல் தாளைக் கண்ணாடி மேல் வைத்து, ஹோல்டருக்குள் லூசாகவும் இல்லாமல் இறுக்கமாகவும் இல்லாமல் வழுக்கி இறங்கும்வரை தேய்த்தேன். பேரிங் 608. பெயர் புதுசாக இருந்தால் பயப்பட வேண்டாம், நம்ம ஃபிட்ஜெட் ஸ்பின்னர் நடுவில் இருப்பதும் ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பதும் அதே சைஸ்தான்.

மறுபடி ஆன் செய்யும்போது நேரடியாக பிளக்கில் போட அண்ணன் விடவில்லை. கடையில் சீரிஸ் போர்டு உண்டு. மெஷினுக்கு முன்னால் ஒரு குண்டு பல்பு சீரிஸில் இருக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, மோட்டார் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. "உசுரு இருக்குது அம்மிணி" என்றார். பிரஷ் செட் ஆகட்டும் என்று அரை மணி நேரம் அப்படியே மெதுவாக ஓடவிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன சரித்திரம். 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்று ஒரு இன்ஜினியர். தூசியை ஊதித் தள்ளுகிற ஒரு மெஷினின் டெமோவுக்குப் போனவர், "ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சினா என்ன?" என்று யோசித்தார். ஹோட்டல் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, வாயால் உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது, கைக்குட்டையில் கறுப்பு வட்டமும் வந்தது. அவர் செய்த மெஷின் குதிரை வண்டியில் வரும், தெருவில் நிற்கும், ஜன்னல் வழியாக ஹோஸ் மட்டும் வீட்டுக்குள் போகும். அடுத்து 1907, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், கேன்டன் ஊர். ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்று ஒரு துப்புரவுத் தொழிலாளி. ஆஸ்துமா. பெருக்குகிற தூசி அவருக்கு ஆகவில்லை. ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை மூன்றையும் சேர்த்து ஒருவர் தூக்கிப் பயன்படுத்தக்கூடிய மெஷின் செய்தார். 1908-ல் பேட்டன்ட் வாங்கினார். அதை வாங்கித் தொழிலாக்கியவர் பெயர் ஹூவர். மற்றது உங்களுக்கே தெரியும்.

ஸ்பாங்ளரின் தலையணை உறையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் எங்கள் மெஷினின் தூசிப் பை எலி கடித்துக் கிடந்தது. அம்மா தைத்துக் கொடுத்த புதுப் பையும் பழைய தலையணை உறைதான். ஒரு மடிப்பில் தைத்ததும் நைஸ் தூசி பின்பக்கமாக வெளியே வந்தது. இரண்டு மடிப்பாகத் தைத்ததும் நின்றது. இந்த மாதிரி மெஷினில் பையைத் தாண்டி வருகிற காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கும். பை கிழிந்தால் தூசி மோட்டாருக்குள் போகும், பை அடைத்தால் மோட்டார் சூடாகும். ரெண்டுமே ஆபத்து.

எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க வேண்டுமே? கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் மூன்று மீட்டர் வாங்கினேன். ஹாஸ்டல் படிக்கட்டில் கீழே ஒரு பக்கெட் தண்ணீர், மேல் படியில் மெஷின். டியூபின் ஒரு முனை தண்ணீரில், மறுமுனை ஹோஸ் வாயில், சுற்றிலும் டேப். ஆன் செய்தால் தண்ணீர் டியூபில் ஏறும். எத்தனை செ.மீ. ஏறுகிறதோ அதுதான் உறிஞ்சும் திறன். முதல் தடவை 70. சோப்பு நுரை தடவிப் பார்த்தால் வெளியிலிருந்து காற்று போகிற இடத்தில் நுரை உள்ளே இழுபடும். மூடியின் ரப்பர் வளையம் பப்படம் மாதிரி காய்ந்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். ஹோஸில் விரிசல் விட்ட பத்து செ.மீ.யை வெட்டி எறிந்தேன். மறுபடி 155! ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். காற்று மண்டலம் முழுசாக அழுத்தினால் தண்ணீர் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஏறும். நம்முடையது ஒன்றரை மீட்டர். அதாவது பேர்தான் வேக்குவம் கிளீனர், உள்ளே இருக்கிற அழுத்தக் குறைவு சுமார் 15 சதவீதம்தான்.

அடுத்த லீவில் மெஷினை ஊருக்குக் கொண்டுபோனேன். வெளித்தகரத்தில் துரு எடுத்து அதே பச்சைக்கு நெருக்கமான பெயின்ட் அடித்திருந்தேன். பிளாஸ்டிக் மூடியின் இரண்டு ஓரத்திலும் ஆழமாகத் தேய்ந்த இரண்டு பள்ளம் இருந்தது. அதையும் பட்டி போட்டு மறைக்க நினைத்து, நேரமில்லாமல் விட்டிருந்தேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து மெஷினைப் பார்த்தார். கட்டை விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"இது கயிறு அறுத்தது கண்ணு. டிவிஎஸ் 50 கேரியர்ல கட்டிட்டுப் போவேன். ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி, ரேஸ் கோர்ஸ். ரெண்டு வருஷம் அதே எடத்துல கயிறு."

நல்லவேளை, மறைக்கவில்லை.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். இந்த மெஷின் கார்ப்பெட் போட்ட ஊருக்காகச் செய்தது. நம்ம ஊரில் சிமென்ட் தரை, மொசைக் தரை. விளக்குமாறும் ஈரத்துணியும் போதும். அதனால் அப்பா தரைக்கே போகமாட்டாராம். நேராக மெத்தைதான். இலவம்பஞ்சு மெத்தையில் ஹோஸை வைத்து, நடுவில் வெள்ளைத் துணியை மாட்டி, இரண்டு நிமிஷம் இழுத்துவிட்டுத் துணியை எடுத்துக் காட்டினால் சாம்பல் மாதிரி ஒரு வட்டம். "இதுலதான் மேடம் உங்க குழந்தை தூங்குது." இதைச் சொன்னால் பாதிப் பேர் அசைந்துவிடுவார்கள். பூத்தின் கைக்குட்டையைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாது. தெரியாமலேயே அதைத்தான் ரெண்டு வருஷம் செய்திருக்கிறார்.

பொங்கலுக்கு முன்னால்தான் டெமோ கேட்டு நிறைய பேர் கூப்பிடுவார்களாம். "எதுக்குன்னு எனக்குத் தெரியும். நாலு மெத்தை, சோபா, ஃபேன், ஒட்டடை எல்லாம் சுத்தம் பண்ணிக் குடுத்தா, 'வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றோம்'பாங்க."

"தெரிஞ்சுமா பண்ணுனீங்க?"

"பத்து வீட்டுல ஒரு வீடு வாங்கும். எந்த வீடுன்னு கதவைப் பாத்துத் தெரியுமா? அதனால எல்லா வீட்டுலயும் ஒழுங்கா பண்ணோணும்." கொஞ்சம் நேரம் கழித்து, "கதவைத் தொறந்து ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாப் போதும் கண்ணு, அன்னைக்குப் பொழுது ஓடிரும்" என்றார்.

எனக்கு அந்த சனிக்கிழமையும் ஆறிப்போன சோறும் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பிளக்கைச் சொருகினேன்.

சத்தம் கேட்டதும் அப்பா எழுந்துவிட்டார். ஹோஸை ஒரு சுற்று சுற்றித் தோளில் போட்ட விதத்திலேயே தெரிந்தது, கை மறக்கவில்லை. உள்ளே போய் மெத்தை மேல் வைத்தார். "வணக்கம் மேடம், பத்தே நிமிஷம்..." குரலே வேறு. எங்கள் வீட்டில் அப்படி ஒரு இங்கிலீஷ் கலந்த தமிழை நான் கேட்டதே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்று முழுசாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றேனுங்க" என்றார். மூன்று பேரும் சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

டெமோவின் கடைசியில் அப்பா ஹோஸ் வாயை உள்ளங்கையால் அடைத்தார். மெஷின் சத்தம் விர்ரென்று கூடியது. "பாருங்க மேடம், எவ்வளவு பவரா இழுக்குது!" நான் விடுவேனா? டாங் டெஸ்டரை மாட்டிக் காட்டினேன். சாதாரணமாக ஓடும்போது 3.4 ஆம்பியர். கையால் அடைத்தால் 2.6. அடைத்தால் ஃபேனுக்குத் தள்ளுவதற்குக் காற்று இல்லை; சுமை குறைகிறது; சீரிஸ் மோட்டார் என்பதால் சுமை குறைந்ததும் வேகம் கூடுகிறது; அதுதான் சத்தம். மெஷின் கஷ்டப்படவில்லை, சும்மா சுற்றுகிறது.

"அப்போ ரெண்டு வருஷமா நான் பொய்யா சொல்லியிருக்கேன்?" என்று கேட்டார் அப்பா. நிஜமாகவே கொஞ்சம் வருத்தம் இருந்தது அந்தக் குரலில்.

"இழுக்குறது நெஜம்தாங்கப்பா. சத்தத்துக்குக் காரணம்தான் வேற" என்றேன்.

இப்போது என்னிடம் நாலு மெஷின் இருக்கிறது. இரண்டாவது உக்கடம் பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கியது. மூன்றாவது எங்கள் டிபார்ட்மென்ட் மேடம் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து. நாலாவதை வைண்டிங் கடை அண்ணன் கொடுத்தார். அதில் மோட்டாரே இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் இதைச் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது என்று தெரிந்தபோது, ஹாஸ்டலில் நான் கேட்ட கிண்டலுக்கெல்லாம் ஒரு ஆறுதல் கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: கார்பன், மூடி ரப்பர், பை. மெக்கர் வைக்காமல் மட்டும் பிளக்கில் சொருகாதீர்கள். சரி பண்ணத் தெரியவில்லை என்றால் லேடீஸ் ஹாஸ்டலில் என்னிடம் கொடுங்கள். அதோடு, அதை யார் வாங்கினார்கள், யார் வந்து விற்றார்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

டெமோ பீஸ் இப்போது கோபியில் கடையில் இருக்கிறது. அரிசி மூட்டை அடுக்கின மூலையில் தூசி எடுக்க அப்பா வாரம் ஒரு தரம் போடுகிறார். போன வாரம் போன் பண்ணினார். "கண்ணு, சத்தம் கொஞ்சம் மாறியிருக்குது. கார்பன் பாக்கோணுமா?" சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.